அறையைத் திருத்துகிற யந்திரங்கள்

தமிழில் ‘அறை’ என்ற சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு. ஒன்று நாம் குடியிருப்பது. மற்றொன்று கன்னத்தில் விழுவது. வீட்டுக்குள்ளேயே திரையரங்கம் அமைத்துக்கொள்ளுகிற இந்த நாளில், ‘அறைத் திருத்தம்’ என்ற பெயரில் நடக்கிற வியாபாரத்தைப் பார்க்கும்போது, இரண்டு பொருளும் ஒரே இடத்தில் வந்து சேர்ந்துவிட்டனவோ என்று எனக்குத் தோன்றுகிறது. முதல் பொருளுக்காகப் பணம் கட்டுகிறோம். கிடைப்பது பல சமயங்களில் இரண்டாவதுதான்.

இந்த வியாபாரத்தை அறியாத பாக்கியசாலிகளுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஐந்தோ ஏழோ ஸ்பீக்கர்கள், தரை அதிர முழங்குவதற்கு ஒரு சப்வூஃபர், இவற்றையெல்லாம் ஆட்டிவைக்க ரிசீவர் என்ற கறுப்புப் பெட்டி ஒன்று, ஆகிய இவை வீட்டுக்கு வந்து சேருகின்றன. பெட்டியோடு சின்னதாக ஒரு மைக்கும் வரும். அதை நாம் உட்காருகிற இடத்தில் நிறுத்தி, பொத்தானை அழுத்திவிட்டு, வாயை மூடிக்கொண்டு நிற்க வேண்டும். ஸ்பீக்கர்கள் ஒவ்வொன்றாகக் கூவும். மைக் கேட்டுக்கொள்ளும். பெட்டி கணக்குப் போடும். எந்த ஸ்பீக்கர் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது, எது உரக்கப் பேசுகிறது, எந்தச் சுருதியில் அறை சத்தத்தைப் பெருக்குகிறது, எதில் விழுங்கிவிடுகிறது என்றெல்லாம் பார்த்து, அதற்கு நேர்மாறாக ஒலியைக் கூட்டியும் குறைத்தும் அனுப்பும். டெனான், மராண்ட்ஸ் பெட்டிகளில் இந்தக் கணக்கனுக்கு ஆடிஸி என்று பெயர். தென் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் நடந்த ஆராய்ச்சியிலிருந்து கிளைத்து 2002-ல் பிறந்தவன். ஸ்வீடன் தேசத்திலிருந்து வந்தவன் டிராக். யமஹாவுக்கு ஒருவன், ஆந்தமுக்கு ஒருவன், டென்மார்க்கின் லிங்டார்ஃபுக்கு ஒருவன் என்று ஆளாளுக்கு ஒரு கணக்கன் இருக்கிறான்.

இவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. இவர்களுடைய பெயரைச் சொல்லி நடத்தப்படுகிற பிரசாரத்தோடுதான் சண்டை. சென்னையில் ஒரு கடைக்கு நண்பர் ஒருவரோடு போயிருந்தேன். அங்கே இருந்த இளைஞர் நல்ல பிள்ளை. பேச்சில் தேன் ஒழுகிற்று. “சார், இந்தப் பெட்டியைப் போட்டுவிட்டால் அறை என்பதே கிடையாது. நீங்கள் மாட்டுக் கொட்டகையில் உட்கார்ந்தாலும் லண்டன் தியேட்டர் மாதிரி இருக்கும்” என்றார். நண்பர் மெய்ம்மறந்துபோனார். எனக்குச் சிரிப்பு வந்தது. ஏனென்றால், அந்தப் பிள்ளை தம்மை அறியாமலே ஓர் உண்மையைச் சொல்லிவிட்டார். வசனம் கேட்பதற்கு மாட்டுக் கொட்டகை மிகவும் உத்தமமான இடம். அதில் உட்காருகிறவனுக்கு இந்த யந்திரம் பெரும்பாலும் தேவையே இல்லை.

வேடிக்கையாகச் சொல்லவில்லை. 1895-ல் அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் ஃபாக் கலைக்கூடம் என்ற புதுக் கட்டடத்தில் விரிவுரை மண்டபம் ஒன்று இருந்தது. அதில் யார் பேசினாலும் ஒரு வார்த்தையும் புரியவில்லை. வாயிலிருந்து புறப்பட்ட ஒரு சொல் அடங்குவதற்கு ஐந்தரை விநாடி ஆயிற்று. அதற்குள் பேசுகிறவர் பத்துப் பதினைந்து சொற்களைப் பேசிவிடுகிறார். எல்லாம் ஒன்றன்மேல் ஒன்று ஏறிச் சந்தைக்கடையாகிவிடுகிறது. இதைச் சரிசெய்யும்படி வாலஸ் ஸாபின் என்ற இளம் பௌதிக ஆசிரியரிடம் ஒப்படைத்தார்கள். அவரிடம் இருந்தவை ஓர் ஆர்கன் குழாய், நேரம் குறிக்க ஒரு கருவி, தம்முடைய இரண்டு காதுகள். அவ்வளவுதான். இரவு ஊர் அடங்கிய பிறகு, ஸாண்டர்ஸ் தியேட்டர் என்ற மற்றொரு மண்டபத்திலிருந்து ஆசன மெத்தைகளைச் சுமந்து வருவார். அடுக்குவார். குழாயை ஒலித்து நிறுத்தி, ஒலி அடங்குகிற நேரத்தைக் குறிப்பார். விடிவதற்குள் மெத்தைகளைத் திருப்பிக் கொண்டுபோய் வைத்துவிட வேண்டும். மெத்தை கூடக் கூட நேரம் குறைந்தது. அறை பெரிதாக இருந்தால் ஒலி நீண்ட நேரம் நிற்கும். ஒலியைக் குடிக்கிற பொருள் அதிகமாக இருந்தால் சீக்கிரம் அடங்கும். இந்த இரண்டுக்கும் இடையே உள்ள கணக்கை அவர் வகுத்தார். அதை வைத்துக்கொண்டு கட்டிய பாஸ்டன் ஸிம்பொனி மண்டபம் 1900-ல் திறக்கப்பட்டது. உலகத்தின் மிகச் சிறந்த சங்கீத மண்டபங்களில் ஒன்று என்ற பெயர் அதற்கு இன்றும் இருக்கிறது.

ஒலி குடிப்பதை அளக்க ஸாபின் வைத்துக்கொண்ட படி எது தெரியுமா? திறந்த ஜன்னல். ஜன்னல் வழியாக வெளியே போன ஒலி திரும்பி வருவதில்லை அல்லவா? ஒரு சதுர அடி மெத்தை எத்தனை சதுர அடி திறந்த ஜன்னலுக்குச் சமம் என்று கணக்குப் பார்த்தார்.

இப்போது நம்முடைய பழைய டூரிங் கொட்டகையை நினைத்துப் பாருங்கள். மேலே தென்னங்கீற்று, கீழே மணல், பக்கங்களிலோ பாதிக்கு மேல் வெட்டவெளி. ஸாபின் வந்து பார்த்திருந்தால், இது கட்டடமே அல்ல, ஒரு பெரிய ஜன்னல் என்று சொல்லியிருப்பார். அங்கே இருந்த ஸ்பீக்கர் தகரத் தொண்டை படைத்தது. புரொஜெக்டரின் இரைச்சல் வேறு. முறுக்கு விற்கிற பையனின் குரல் வேறு. ஆனாலும் தரை டிக்கெட்டில் உட்கார்ந்திருந்த பாட்டிக்கு ஒரு வசனமும் தவறவில்லை. மறுநாள் கிணற்றடியில் முழுப் படத்தையும் ஒப்பித்தாள். இன்று அவளுடைய பேத்தி லட்ச ரூபாய்க்கு ஸ்பீக்கர் வாங்கி வைத்துக்கொண்டு, தாய்மொழிப் படத்துக்கு ஆங்கில எழுத்தைத் திரையில் ஓடவிட்டுப் படித்துப் புரிந்துகொள்ளுகிறாள்!

இதற்குக் காரணம் நாம் கட்டிக்கொண்டிருக்கிற அறை. தரையெல்லாம் வழவழப்பான டைல்ஸ். நான்கு பக்கமும் சிமெண்டுப் பூச்சு. தலைக்கு மேல் கான்கிரீட். ஒரு பக்கம் முழுவதும் கண்ணாடிக் கதவு. நடுவே மெல்லிய கால்களோடு ஒரு சோபா. ஒலி உட்கார இடமில்லாமல் சுவருக்குச் சுவர் ஓடுகிறது. கையைத் தட்டிப் பாருங்கள்; ‘ட்ர்ர்ர்’ என்று ஒரு அதிர்வு வால் நீட்டிக்கொண்டு போகும். வசனத்தில் இந்த வால் என்ன செய்கிறது என்பதை இலக்கணம் படித்தவர்கள் சுலபமாகப் புரிந்துகொள்ளலாம். உயிரெழுத்துக்குப் பலமும் நீளமும் அதிகம். மெய்யெழுத்துக்கு, அதிலும் வல்லினத்துக்கு, ஆயுள் மிகக் குறைவு. கண் இமைப்பதற்குள் வெடித்து மறைந்துவிடும். ஆனால் ‘கடல்’, ‘படல்’, ‘மடல்’ மூன்றையும் வேறு வேறு என்று காட்டுவது அந்த மெய்தான். முந்தின உயிரின் வால் அடங்காமல் நின்று, பிந்தின மெய்யை விழுங்கிவிடுகிறது. மிச்சம் இருப்பது ‘அ... அ... ஆ...’ என்ற ஊளை.

திருத்துகிற யந்திரம் இந்த வாலை வெட்டுமா? வெட்டாது. ஈக்குவலைசர் என்பது, புறப்படுகிற ஒலியில் ஒரு சுருதியைக் கூட்டவும் ஒரு சுருதியைக் குறைக்கவும் வல்லது. ஸ்பீக்கரிலிருந்து நேரே காதுக்கு வருகிற ஒலியையும், சுவரில் மோதித் திரும்பி வருகிற ஒலியையும் அது ஒன்றுபோலவே மாற்றுகிறது. கடிதம் எழுதுகிற மையை நீங்கள் மாற்றலாம். தபால்காரன் அதே கடிதத்தை இருபது தடவை கொண்டுவந்து வீசுகிறான் என்றால் அதற்கு மை என்ன செய்யும்?

இதைச் சொன்னவுடன், “அப்படியானால் இந்த யந்திரங்களெல்லாம் மோசடி என்கிறீரா?” என்று ஒரு கூட்டம் கொடி பிடித்துக்கொண்டு வரும். இல்லை. ஒரு வேலையை இவை மிக நன்றாகச் செய்கின்றன. அதுவும் மனிதக் கையால் செய்ய மிகவும் கஷ்டமான வேலை. அடித்தொனியைச் சொல்லுகிறேன்.

ஊஞ்சலை எந்த வேளையில் தள்ளினால் வீச்சு பெருகும் என்பது குழந்தைகளுக்குக்கூடத் தெரியும். ஒவ்வொரு அறைக்கும் இப்படிப்பட்ட சில ஊஞ்சல்கள் இருக்கின்றன. 15 அடி நீளம், 12 அடி அகலம், 10 அடி உயரம் உள்ள ஒரு கூடத்தை எடுத்துக்கொண்டால், நீளத்தின் ஊஞ்சல் ஏறக்குறைய 38 ஹெர்ட்ஸில் ஆடும், அகலத்தினுடையது 48-ல், உயரத்தினுடையது 57-ல். இவற்றின் மடங்குகளும் கலப்புகளும் தனி. படத்தில் ஒரு முரசு அந்தச் சுருதியில் ஒலித்தால், அறையும் அதோடு சேர்ந்து முழங்கும். முரசு நின்ற பிறகும் அறை நிற்காது. கீழ் வீட்டுக்காரர் வந்து கதவைத் தட்டுவது பெரும்பாலும் இந்த ஊஞ்சலுக்காகத்தான். இங்கே யந்திரம் புகுந்து, சரியாக அந்தச் சுருதியில், சரியான அளவு குறைத்து அனுப்புமானால், முழக்கமும் குறையும், அதன் வாலும் குறையும். சாதாரணக் கம்பளமோ திரைச்சீலையோ இதைச் செய்ய முடியாது. 100 ஹெர்ட்ஸ் ஒலியின் ஓர் அலை 11 அடிக்கு மேல் நீளம். அரை அங்குலக் கம்பளத்தை அது லட்சியமே செய்வதில்லை. சுவரெல்லாம் முட்டை அட்டை ஒட்டிவைத்துவிட்டு, ஸ்டூடியோ கட்டிவிட்டதாக நினைக்கிறவர்களுக்கும் இதே பதில்தான். முட்டை அட்டை முட்டைக்கு நல்லது.

ஆனால் இந்த அடித்தொனியிலும் யந்திரத்துக்கு ஓர் எல்லை உண்டு. கடைக்காரர்கள் வாயைத் திறக்காத எல்லை. ஊஞ்சல் சில இடங்களில் வீசி ஆடுகிறது என்றால், வேறு சில இடங்களில் அசையாமல் நிற்கிறது. அந்த 15 அடிக் கூடத்தின் சரிபாதியில் சோபாவைப் போட்டு உட்கார்ந்தால், 38 ஹெர்ட்ஸ் ஒலி அங்கே ஏறக்குறைய இல்லாமற் போய்விடும். போகிற அலையும் வருகிற அலையும் ஒன்றையொன்று தின்றுவிடுகின்றன. பின்சுவரை ஒட்டிப் போட்டாலோ அதே ஒலி காதைக் கிழிக்கும். சரி, பாதியில் விழுந்த பள்ளத்தை யந்திரம் நிரப்பாதா? 10 டெசிபல் நிரப்ப வேண்டுமானால் ஆம்ப்ளிஃபயர் பத்து மடங்கு சக்தி கொடுக்க வேண்டும். 15 டெசிபல் என்றால் முப்பது மடங்குக்கு மேல். கொடுத்தாலும் பலன் இல்லை. போகிற அலை பெருத்தால் வருகிற அலையும் பெருக்கிறது; பழையபடி ஒன்றையொன்று தின்றுவிடுகின்றன. ஓட்டைப் பானையில் எவ்வளவு வேகமாகத் தண்ணீர் விட்டால் என்ன? சோபாவை இரண்டடி நகர்த்தினால் தீருகிற காரியத்துக்கு, ஸ்பீக்கரின் உயிரை வாங்குகிறோம்.

மேல்சுருதிகளின் கதை வேறு. ஏறக்குறைய 200, 300 ஹெர்ட்ஸுக்குக் கீழேதான் அறை ராஜாவாக இருக்கிறது. அதற்கு மேலே ஸ்பீக்கரே ராஜா. இதை எடுத்துக்காட்டப் பல ஆண்டுகள் உழைத்தவர் ஃப்ளாய்ட் டூல் என்ற விஞ்ஞானி. கனடாவின் தேசிய ஆராய்ச்சிக் கவுன்சிலிலும், பிறகு ஹார்மன் கம்பெனியிலும் இருந்தவர். திரைக்குப் பின்னால் ஸ்பீக்கர்களை மறைத்துவைத்து, எது எந்தக் கம்பெனி என்று தெரியாமல் ஆட்களைக் கேட்கச் செய்து பார்த்தவர். நம்முடைய இரண்டு காதுகளும், அவற்றுக்கு நடுவே இருக்கிற வஸ்துவும் சேர்ந்து, நேரே வருகிற ஒலி எது, சுவரில் பட்டு வருகிற ஒலி எது என்று பிரித்து அறிந்துகொள்ளுகின்றன. மைக்குக்கு அந்த ஞானம் கிடையாது. இரண்டையும் கூட்டிப்போட்டு ஒரு கோடு வரைகிறது. அந்தக் கோடு மேடுபள்ளமாக இருக்கிறதே என்று யந்திரம் அதைத் தட்டையாக்கப் புறப்பட்டால், நேரே வந்துகொண்டிருந்த நல்ல ஒலியையும் கெடுத்துவிடக்கூடும். நல்ல ஸ்பீக்கர் வாங்கியவனுக்கு இது இரட்டை நஷ்டம்.

யந்திரம் செய்கிறவர்களுக்கு இது தெரியாதா? நன்றாகத் தெரியும். ஆடிஸியின் கைப்பேசிச் செயலியில், இந்தச் சுருதிக்கு மேலே கைவைக்காதே என்று எல்லை போட வசதி வைத்திருக்கிறார்கள். அந்தச் செயலிக்குத் தனியாகக் காசு. டிராக் கம்பெனி 500 ஹெர்ட்ஸ் வரைக்கும் மட்டும் திருத்துகிற லைசென்ஸைக் குறைந்த விலைக்கு விற்கிறது. அதே கம்பெனி 2023-ல் வெளியிட்ட மற்றொரு முறை, ஒரு ஸ்பீக்கர் எழுப்புகிற முழக்கத்தை மற்ற ஸ்பீக்கர்களைக் கொண்டே அடக்கிப்பார்க்கிறது. கெட்டிக்காரத்தனமான யோசனை, அறையின் வாலை நிஜமாகவே பிடிக்கிற யோசனை. ஆனால் அதன் ஆட்சியும் 150 ஹெர்ட்ஸோடு முடிந்துவிடுகிறது. ஆகவே விஞ்ஞானிகள் அடக்கமாகத்தான் இருக்கிறார்கள். ‘அறையே கிடையாது’ என்று வேதாந்தம் பேசுகிறவர்கள் விற்கிறவர்கள்தான்.

இன்னொரு சங்கதி. ஆடிஸி, 2000 ஹெர்ட்ஸுக்கு அருகே ஒலியைச் சற்றுக் குறைத்து அனுப்புவதை வழக்கமாக வைத்திருக்கிறது. பல ஸ்பீக்கர்களில் இரண்டு கூம்புகள் கைமாற்றிக்கொள்ளுகிற இடம் அது என்பதற்காக அந்த ஏற்பாடு. நோக்கம் சரியாக இருக்கலாம். ஆனால் மெய்யெழுத்துக்கள் குடியிருக்கிற தெருவும் அதுவேதான்! ஏற்கனவே டைல்ஸ் தரை விழுங்கியது போக மிஞ்சியதிலும் கொஞ்சம் கிள்ளினால் வசனத்துக்கு என்ன கதி? செயலியில் அதை நிறுத்திவிடலாம். நிறுத்தலாம் என்று வாங்கியவருக்கு யாராவது சொன்னார்களா?

“கதை எழுதுகிற உனக்கு ஹெர்ட்ஸும் டெசிபலும் எதற்கு?” என்று வாசகர்கள் கேட்கலாம். கல்லூரியில் இரண்டு வருஷம் பௌதிகத்தோடு மல்லுக்கு நின்றதைத் தவிர எனக்கு இதில் வேறு அதிகாரம் இல்லைதான். ஆனால் கதை என்பது ஒரு வீட்டில் உள்ள எல்லோரும் சேர்ந்து கேட்பதற்காக ஏற்பட்டது என்ற எண்ணம் எனக்கு உண்டு. அந்த எண்ணத்துக்குத்தான் இந்தத் திருத்தத்தில் ஆபத்து வந்திருக்கிறது.

இப்படித் திருத்தம் செய்துகொண்ட ஒரு வீட்டைச் சொல்லுகிறேன். கூடத்தின் நடுவே குடும்பத் தலைவருக்கு ஒரு சாய்வு நாற்காலி. பொருத்த வந்தவர் மைக்கை அந்த நாற்காலியில் தலை இருக்கும் இடத்தில் வைத்தார். பிறகு ஒரு சாண் இந்தப் பக்கம், ஒரு சாண் அந்தப் பக்கம். முடிந்தது. அவருடைய மனைவி உட்காருவது சுவரோரத்து திவானில். காய் நறுக்கிக்கொண்டே பார்ப்பாள். பிள்ளைகள் தரையில். அவருடைய தாயார், எழுபத்தெட்டு வயது, வாசல் பக்கத்துப் பிரம்பு நாற்காலியில். தலைவருக்கு ஹெலிகாப்டர் தலைக்கு மேல் பறந்தது. அவர் கண்களில் ஆனந்தக் கண்ணீர். மனைவிக்குச் சுவர் முழங்கித் தலை வலித்தது. தாயாருக்குப் பேச்சு புரியவில்லை. “அவன் என்னடா சொன்னான்?” என்று கேட்டாள். “உஸ், பாட்டி!” என்றது குழந்தை. இன்னும் இரண்டு தடவை கேட்டாள். இரண்டு தடவையும் அதே பதில். பிறகு மெள்ள எழுந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு, தன் அறைக்குப் போய்விட்டாள். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. இப்போது அவள் அந்தக் கூடத்துக்கு வருவதே இல்லை. கட்டிலில் படுத்துக்கொண்டு கைப்பேசியைக் காதருகே வைத்து ஏதோ கேட்டுக்கொண்டிருக்கிறாள் என்று அந்த நண்பரே சொன்னார். “வயதாகிவிட்டது, காது போய்விட்டது” என்றார். காது போயிருந்தால் கைப்பேசி மட்டும் எப்படிக் கேட்கிறது என்று நான் கேட்டதற்கு அவரிடம் பதில் இல்லை.

ஈக்குவலைசர் என்ற சொல்லுக்குச் சமன்செய்வது என்று பொருள். சுருதிகளைச் சமன் செய்கிறது, சந்தோஷம். ஆட்களையும் கொஞ்சம் சமன் செய்யக்கூடாதா?

இதற்கு ஒரு பதில் தயாராக வைத்திருப்பார்கள்: “எட்டு இடங்களில் மைக்கை வைத்து அளக்கலாமே, சோபா முழுவதற்கும் சேர்த்துச் சராசரி எடுத்துத் திருத்திவிடும்.” அளக்கலாம், அளக்கவும் வேண்டும். ஆனால் சராசரி என்பது எப்படிப்பட்ட பிராணி என்று நமக்குத் தெரியாததா? ஒருவன் இரண்டு இலை சாப்பிட்டான், ஒருவன் பட்டினி, சராசரி ஆளுக்கு ஓர் இலை, ஊரில் பசி இல்லை! ஒரு நாற்காலியில் 48 ஹெர்ட்ஸ் மலைபோல நிற்கிறது. மற்றொன்றில் அதே சுருதி பாதாளத்தில் கிடக்கிறது. இரண்டையும் கூட்டி வகுத்தால் தரை சமமாக இருப்பதாகக் கணக்கு வரும். யந்திரம், “இங்கே எனக்கு வேலை இல்லை” என்று சொல்லிவிட்டுப் போய்விடும். இவனுக்கு இரைச்சலும் அவளுக்கு வெறுமையும் அப்படியே இருக்கும்.

ஆகவே முதலில் நாற்காலிக்கு நாற்காலி உள்ள வித்தியாசத்தைக் குறைக்க வேண்டும். பிறகுதான் எல்லோருக்கும் பொதுவான திருத்தம் என்ற பேச்சு. இதற்கு வழி இருக்கிறது. 2002-ல் ஹார்மன் கம்பெனியைச் சேர்ந்த டாட் வெல்டி என்பவர், ஓர் அறைக்கு எத்தனை சப்வூஃபர் போதும், அவற்றை எங்கே வைப்பது என்று ஆராய்ந்தார். அவர் அளந்தது ஒரு நாற்காலியின் சுகத்தை அல்ல. நாற்காலிக்கு நாற்காலி ஒலி எவ்வளவு வேறுபடுகிறது என்பதை. நீள்சதுர அறையில், எதிரெதிர்ச் சுவர்களின் நடுவே ஒவ்வொன்றாக இரண்டு வைத்தாலே வேறுபாடு நன்றாகக் குறைகிறது. நான்கு சுவர்களுக்கும் நான்கு என்றால் இன்னும் உத்தமம். மூலையில் ஒரு பெரிய பூதத்தை உட்காரவைப்பதற்குப் பதில், இரண்டு சின்னப் பூதங்களை எதிரெதிரே வைத்தால், ஒன்று தள்ளுகிற ஊஞ்சலை மற்றொன்று பிடித்து நிறுத்துகிறது. அதன் பிறகு யந்திரம் திருத்துகிற திருத்தம் திவானுக்கும் பொருந்தும், பிரம்பு நாற்காலிக்கும் பொருந்தும். இது நடந்து இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. ஆனால் நம் ஊரில் இன்னும், “இதைவிடப் பெரியதாக ஒன்று இருக்கிறது, சார்” என்றுதான் காட்டுகிறார்கள்.

எதிர்க்கட்சியையும் விட்டுவிட எனக்கு மனமில்லை. ஒலியில் யாரும் கைவைக்கக்கூடாது என்கிற பரிசுத்தவாதிகள் சிலர் உண்டு. ரிசீவரில் எல்லாத் திருத்தத்தையும் ஒதுக்கிவிட ஒரு பொத்தான் இருக்கும். அதை அழுத்திவிட்டுக் கண்ணை மூடிக்கொள்ளுவார்கள். “இதுதான் கலைஞன் கொடுத்த ஒலி” என்பார்கள். ஐயா, கலைஞன் கொடுத்தது ஸ்பீக்கரின் வாசல் வரையில்தான் வந்தது. அங்கிருந்து உங்கள் காதுக்குள் அதைக் கொண்டுவந்து சேர்த்தவர் உங்கள் கொத்தனார். அவர் 38 ஹெர்ட்ஸில் சேர்த்த மசாலாவைச் சப்புக்கொட்டிச் சாப்பிட்டுவிட்டு, யந்திரம் அதைக் கொஞ்சம் குறைத்தால் மட்டும் ஆசாரம் கெட்டுவிடுகிறதா?

கடைசியாக, இரண்டு கட்சிக்காரரும் ஒற்றுமையாகச் சொல்லுகிற ஒரு சமாதானம் இருக்கிறது: “அறையைச் சரிசெய்யலாம்தான், ஆனால் வீட்டில் சம்மதிக்க மாட்டார்கள்.” ‘வீட்டில்’ என்றால் மனைவி. ஏழு கறுப்புப் பெட்டிகளையும், அவற்றுக்கு நடுவே பாம்புபோல் நெளிகிற கம்பிகளையும் கூடத்துக்குள் கொண்டுவந்தபோது அந்த அம்மாளை யார் கேட்டார்கள்? சம்மதம் கேட்க வேண்டிய பட்டியலைப் பாருங்கள். கண்ணாடிக் கதவுக்குக் கனமான திரைச்சீலை, மடிப்பு மடிப்பாகத் தொங்குகிற மாதிரி. துணி தாராளமாக வேண்டும். டைல்ஸ் மேல் தடித்த கம்பளம். அதன் அடியில் ஒரு கயிற்றுப்பாய் போட்டால் இன்னும் நல்லது. பின்சுவருக்கு, புத்தகங்கள் முன்னும் பின்னுமாக அடுக்கிய அலமாரி ஒன்று. திவானுக்கு நல்ல இலவம்பஞ்சு மெத்தையும் திண்டுகளும். ஸாபின் ராத்திரியில் சுமந்த சரக்கு இதுவேதான். டி.வி. மேஜையின் பொந்துக்குள் அடைபட்டிருக்கிற நடு ஸ்பீக்கரை விளிம்பு வரை இழுத்து, மூக்கைச் சற்று மேலே தூக்கிவைப்பது. இதற்குக் காசே இல்லை. சோபாவைப் பின்சுவரிலிருந்தும் கூடத்தின் சரிபாதியிலிருந்தும் விலக்குவது; இதற்கும் காசு இல்லை, இரண்டு பேர் பிடித்தால் போதும். முடிந்தால், பக்கச் சுவர்களில் நாலு அங்குலப் பாறைப்பஞ்சு அடைத்துத் துணி போர்த்திய பலகைகள்; துணியின் வர்ணத்தை அவளே தேர்ந்தெடுக்கட்டும். இதில் எதற்கு அந்த அம்மாள் மாட்டேன் என்று சொல்லப்போகிறாள்? கேட்டுத்தான் பாருங்களேன். கேட்கிறபோதே, அவள் எங்கே உட்கார்ந்து படம் பார்க்கிறாள், அங்கே என்ன கேட்கிறது என்பதையும் சேர்த்துக் கேட்டுவிடுங்கள்.

இவ்வளவும் ஆன பிறகு அந்த மைக்கை எடுங்கள். திவான், தரை, பிரம்பு நாற்காலி, சாய்வு நாற்காலி என்று வீட்டார் உட்காருகிற ஒவ்வோர் இடத்திலும், அவரவர் காது இருக்கிற உயரத்தில் வைத்து அளவெடுங்கள். திருத்தத்தை 300 ஹெர்ட்ஸோடு நிறுத்துங்கள். பொருத்த வருகிறவரிடம் ஒவ்வொரு நாற்காலிக்கும் தனித்தனியாக, திருத்தத்துக்கு முன் ஒன்றும் பின் ஒன்றுமாக, வரைபடம் கேட்டு வாங்குங்கள். ரூம் ஈக்யூ விஸார்ட் என்று ஓர் இலவச மென்பொருள் இருக்கிறது. கம்ப்யூட்டரும் ஓர் அளவை மைக்கும் இருந்தால் அரைமணியில் வரைந்து கொடுத்துவிடும். “அதெல்லாம் வழக்கமில்லை, சார்” என்று அவர் தலையைச் சொறிந்தால், மிச்சப் பணத்தைக் கொடுக்காதீர்கள்.